இடுப்பளவு

ஜனவரி 6

என் மிளகாய்க்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், தையல் மெஷினும் நலம். காதுதான் வழக்கம்போல. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நூறு மெஷினுக்கு நடுவே உட்கார்ந்து சம்பாதித்த செவிடு. அதை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது? போன வாரம் நீ போனில் என்னவோ சொன்னாய். நான் "சரி சரி" என்றேன். அப்பா போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஓவரால் கிழிஞ்சு போச்சுங்கிறா, நீ சரி சரிங்கிற!" நமக்குக் கடிதம்தான் சரி. காகிதத்துக்குக் காது வேண்டாம்.

ஓவரால் கிழிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. துறைமுகத்தில் கொடுக்கும் அந்தச் சட்டையும் பேன்ட்டும் ஒன்றாய் ஒட்டிய உடுப்பு ஆம்பளைக்கு வெட்டியது. தோள் தொங்கும், இடுப்பு பிடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு நீ கிரேன் உச்சிக்கு ஏணி ஏறினால் தையல்தான் என்ன செய்யும், பாவம். நானே தைத்து அனுப்புகிறேன். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே திறந்து மூடுகிற மாதிரி ஒரு மடிப்பு வைத்துப் பித்தான் போடுகிறேன். ஓர் அவசரம் என்றால் முழுசாகக் கழற்ற வேண்டியதில்லை. ஆம்பளைகளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே. அவர்களுக்கு அவசியம் வரவில்லை.

மாப்பிள்ளையிடம் டேப்பைக் கொடுத்து அளவெடுத்து அனுப்பு. வயிற்றை எக்காதே. கல்யாண உடுப்புக்கு எக்கிக்கொண்டு நின்றுவிட்டு, மேடையில் மூச்சுவிட முடியாமல் முழித்தவள் நீ.

மாப்பிள்ளையின் சலூன் எப்படி ஓடுகிறது? இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அம்மா

*

ஜனவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மிளகாய் காரம் குறையாமல் இருக்கிறாள். உன் மாப்பிள்ளையும் நலம். அப்பாவை அந்தச் சிரிப்புக்காக நான் தனியாக விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்.

அளவுகள்: தோள் பதினைந்தரை, கை இருபத்திரண்டு, கால் முப்பத்தெட்டு. மூன்றும் பழையதுதான். இடுப்பு முப்பத்தெட்டு. ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை எடுத்தோம்.

நேற்று நடந்ததைக் கேள். காற்று பலமாக அடித்தது. கப்பலில் கடைசியாக ஒரு கன்டெய்னர் பெட்டி, உள்ளே முழுக்கக் கண்ணாடிப் பலகை. "காத்து நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பக்கத்துக் கிரேன்காரர் கையைக் கட்டிக்கொண்டார். கப்பல்காரர்களுக்கு அவசரம். காற்றுமானியைப் பார்த்தேன், எல்லைக்குள்தான் இருந்தது. தூக்கினேன். என் இருக்கைக்குக் கீழே தரையே கண்ணாடி அல்லவா, கால் இரண்டுக்கும் நடுவே அந்தப் பெட்டி ஆடுவது தெரிகிறது. ஆட்டம் அடங்கும்வரை பிடித்து வைத்திருந்து, லாரியில் இறக்கினேன். கீழே சிக்னல் கொடுப்பவர் வாக்கிடாக்கியில் கேட்கிறார், "வச்சிட்டீங்களா? சத்தமே வரலியே!"

அம்மா, இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது.

இந்த மாதம் டாக்டரிடம் ஒருமுறை போய் வந்தேன். சும்மா ஒரு பரிசோதனைதான். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

மிளகாய்

*

பிப்ரவரி 9

என் தங்கமே, என் ராசாத்தி,

உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்? இனி அதுதான் முதல் கேள்வி.

கள்ளி! தோள் நகரவில்லை, கை நகரவில்லை, இடுப்பு மட்டும் நான்கு அங்குலம் நகர்ந்திருக்கிறது. டாக்டரிடம் போயிருக்கிறாய். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று வேறு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நான் இத்தனை வருடமாக டேப் பிடிப்பவள். எத்தனை பெண்கள் வீட்டில் வாயைத் திறக்கும் முன்பே என் டேப்பிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

ஐந்து வருடமாக "விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்த வாய் இது. இப்போது கேட்காதவர்களுக்கும் சொல்கிறது. மாடிவீட்டம்மாவிடம் சொன்னேன். பித்தான் கடையில் சொன்னேன். கட்டடத்தில் ஒரு வீடு விடாமல் இனிப்பு கொடுத்தாயிற்று. அப்பா "அவ வாயால சொல்லட்டுமே" என்றார். அவருக்கு எதிலும் நிதானம். நிதானமாகவே இருந்து முடியெல்லாம் நரைத்துவிட்டது.

இத்துடன் ஓவரால் வருகிறது. முன்பக்கம் இழுத்தால் நீள்கிற துணி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நாடா. வயிறு வளர வளரத் தளர்த்திக்கொள். எட்டு மாதம் வரைக்கும் தாங்கும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஏணி ஏறும்போது கவனம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

பாட்டி ஆகப்போகிற அம்மா

*

பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

நலம். பார்சல் வந்தது.

நான் கர்ப்பமாக இல்லை. இடுப்பில் இருப்பது பிள்ளை இல்லை, சதை.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. பிசிஓஎஸ் என்கிறார்கள். கட்டி என்றதும் அலறாதே, பயப்படுகிற கட்டி இல்லை. மாதா மாதம் வெளியே வர வேண்டிய முட்டை வராமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும், நினைத்தால் வரும். எடை ஏறும். அதுதான் உன் நான்கு அங்குலம். பிள்ளை பிறக்கவே பிறக்காது என்பதில்லை. சிரமப்படும், அவ்வளவுதான்.

நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீ ஊருக்கே சொல்லிவிட்டாய். இன்று காலை உன் மாடிவீட்டம்மாவின் மகள் எனக்குப் போன் செய்து, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறாய் என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

அந்த ஓவராலை உன் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். சலூனில் கத்தி துடைக்கட்டும். இனிமேல் அளவு கேட்காதே.

மிளகாய்

*

மார்ச் 3

மகளுக்கு,

அப்பாவும் நானும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்தார். நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. டேப்பின் மேல் பழி போடாதே. எண் அப்படி இருந்தது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நீர்க்கட்டிக்கு இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று பித்தான் கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எழுதினால் நீ என்னைக் கடித்துத் தின்றுவிடுவாய், அதனால் எழுதவில்லை.

ஓவராலைக் கிழிக்காதே, திருப்பி அனுப்பு. முன்பக்கத் துணியை மாற்றித் தருகிறேன். நல்ல துணி. பதில் போடு.

அம்மா

*

ஏப்ரல் 14

அத்தை அவர்களுக்கு,

மருமகன் எழுதுவது. நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கையில் கத்தரிக்கோல் நிற்கும், பேனா நிற்காது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் உங்கள் கடிதம் மேசையில்தான் இருக்கிறது. டீ குடிக்கும்போது எடுக்கிறாள், படிக்கிறாள், மடித்து வைக்கிறாள். நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே அறைகிறாள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு இரவு வேலையை மாற்றிக்கொண்டாள். தூக்கம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வேலை முடிந்ததும் இருவரும் துறைமுகச் சுவரை ஒட்டி நடக்கிறோம். எனக்கு மூச்சு வாங்கும், அவள் எனக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று, "மாப்பிள்ளை, வண்டி பஞ்சரா?" என்பாள். ஒரு வருடம் இயற்கையாக முயற்சி செய்து பார்ப்பது, அப்புறம் மாத்திரை என்று டாக்டரோடு பேசி வைத்திருக்கிறோம். மாத்திரை எடுத்தால் கௌரவக் குறைச்சல் என்று அவள் நினைக்கவில்லை. "என் உடம்புக்கு ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாக்கறேன், அவ்வளவுதான்" என்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். இந்தப் பிரச்சினையால் தாடையில் முடி வளர்கிறது. முன்பெல்லாம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிவாள். இப்போது வாரம் ஒருமுறை கடையை மூடியதும் வந்து பெரிய நாற்காலியில் ராணி மாதிரி சாய்ந்துகொள்கிறாள். நான் நூல் போட்டு எடுத்துவிடுகிறேன். "கஸ்டமரைக் காக்க வைக்காதீங்க" என்று அதட்டல் வேறு. எனக்கு அத்தனை பெருமையாக இருக்கும் அத்தை. இந்த ஊரில் கிரேன் ஓட்டுகிற பெண் உட்காரும் ஒரே சலூன் என்னுடையது.

அவள் கோபம் நீங்கள் தப்பாக நினைத்ததில் இல்லை. அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னது இது: "நான் கிரேன் லைசென்ஸ் வாங்கினப்ப அம்மா யாருக்கும் இனிப்பு குடுக்கல."

ஓவரால் பத்திரமாக இருக்கிறது. கத்தி துடைக்க என்னிடம்தான் கொடுத்தாள். மறுநாள் அவளே திரும்ப எடுத்துப்போய் அலமாரியில் அடியில் வைத்துவிட்டாள்.

உங்கள் மருமகன்

*

ஏப்ரல் 26

என் மிளகாய்க்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கேட்பதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

போன கடிதத்தில் டேப்பின் மேல் பழி போடாதே என்று எழுதினேன். டேப் பாவம், அது எண்ணைத்தான் சொன்னது. கதையைத் தைத்தவள் நான். தப்பு என்னுடையது. இதை எழுத எனக்கு ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று அப்பாவைக் கேட்டால், "உன் மகளுக்கு அந்தத் திமிரு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிற?" என்கிறார்.

நீ கிரேன் ஓட்டப் போனபோது நான் பயந்தேன். பயத்தில் பெருமைப்பட மறந்துவிட்டேன். லைசென்ஸ் வாங்கிய அன்று நீ போன் செய்தாய். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அன்றும் "சரி சரி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீ பதில் போட வேண்டாம். கோபம் தீரும்வரை வைத்துக்கொள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

அம்மா

(உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம்)

பாப்பா, அப்பா எழுதுகிறேன். தபால் பெட்டியில் போடுவது நான்தானே, உன் அம்மாவுக்குத் தெரியாமல் செருகுகிறேன்.

முந்தாநாள் உன் அம்மா ஒரு பெட்டி நிறைய இனிப்பு வாங்கிக்கொண்டு, முன்பு கொடுத்த அத்தனை வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்கினாள். எங்கே மயங்கி விழுந்துவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு கதவிலும் இதேதான். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என் பொண்ணு முழுகாம இல்ல. நானாதான் உளறிட்டேன். இது வேற இனிப்பு. என் பொண்ணு துறைமுகத்துல கிரேன் ஓட்டுறா, அதுக்கு."

மாடிவீட்டம்மா, "அதுதான் மூணு வருஷமா ஓட்டுறாளே?" என்றாள்.

"லேட்டாதான் குடுக்கறேன். வாங்கிக்கங்க."

அதோடு விட்டார்களா? "ஐயோ பாவம், குழந்தை இல்லியா?" என்றாள் அந்த அம்மா. அவ்வளவுதான். உன் அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "பாவமா? என் பொண்ணு நாப்பது டன் பெட்டியச் சத்தமில்லாம இறக்குவா. உங்க வீட்டுல ஒரு கதவையாவது சத்தமில்லாம சாத்தத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா

*

மே 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உன் மாப்பிள்ளையும் நலம். உன் காதும், அதற்கு நேர்மாறான உன் வாயும் நலமா?

கோபம் தீர்ந்து ஒரு மாதமாயிற்று. உடனே எழுதினால் நீ மிதப்பில் இருப்பாய் என்று கொஞ்சம் இழுத்தடித்தேன். மாடிவீட்டுக் கதவை இப்போது சத்தமில்லாமல் சாத்துகிறார்களா? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

ஒரு நல்ல செய்தி. நீ நினைக்கிற செய்தி இல்லை, அதனால் நிதானமாகப் படி. மார்ச், ஏப்ரல், மே, மூன்று மாதமும் எனக்கு மாதவிலக்கு தானாக வந்துவிட்டது. வயதுக்கு வந்த நாளிலிருந்து இப்படி வரிசையாக வந்ததே இல்லை. பிள்ளைக்குக் காத்திருக்கிற பெண்கள் அது வந்தால் அழுவார்களாம். நான் குளியலறையிலிருந்து கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். உன் மாப்பிள்ளை சாக்லேட் வாங்கிவந்து, அன்று முடிவெட்ட வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "என்னங்க விசேஷம்?" என்று கேட்டவர்களிடம், "வீட்டுக்கு ஒரு விருந்தாளி, நேரத்துக்கு வந்துட்டாங்க" என்றாராம்.

டாக்டர் சிரித்துவிட்டு, "முட்டை வெளியே வர ஆரம்பிச்சிருக்கலாம். பாப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் போதும் எனக்கு.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் குறைப்பட்டவள் இல்லை. இத்தனை வருடம் இந்த உடம்பைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது அது நான் சொல்வதைக் கேட்கிறது, நானும் அது சொல்வதைக் கேட்கிறேன். எனக்குப் பிள்ளை வேண்டும். மிகவும் வேண்டும். அதைச் சொல்ல வெட்கமில்லை. கெஞ்ச மட்டும் மாட்டேன்.

கிரேனில் இரண்டு பெண்கள் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். கம்பெனி ஓவராலில் அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து உன் பின்பக்கப் பித்தான் யோசனையைச் சொன்னேன். இருவருக்கும் வேண்டுமாம். அவர்கள் அளவு இத்துடன் இருக்கிறது. உனக்கு இங்கே "பித்தான் அம்மா" என்று பெயர் விழுந்துவிட்டது.

மிளகாய்

*

ஜூன் 17

என் மிளகாய்க்கு,

பித்தான் அம்மா எழுதுகிறேன். அப்பா இந்தப் பெயரைக் கட்டடம் முழுக்கப் பரப்பிவிட்டார். என்னைச் சொல்ல வந்துவிட்டார் நிதானக்காரர். அவர் துண்டுக் காகிதம் செருகியதையும் நான் கண்டுபிடித்துவிட்டேன், தலையிலேயே குட்டிவிட்டேன்.

இரண்டு ஓவராலும் அனுப்பியிருக்கிறேன். உயரமான பெண்ணுக்கு முழங்காலில் இரட்டைத் துணி வைத்திருக்கிறேன். அளவைப் பார்த்தால் ஏணியில் முட்டிக்கொள்கிறவள் மாதிரி இருந்தாள். இதுவும் நானாகத் தைத்த கதைதான், தப்பாக இருந்தால் சொல்.

நீ எழுதியதைப் படித்தேன். "கெஞ்ச மட்டும் மாட்டேன்" என்ற இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உன்னைப் பெற்றதில் எனக்கு ஏற்கெனவே தலைக்கனம் உண்டு. இப்போது கழுத்து வலிக்கிறது.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கவனித்தாயா, கேட்கவில்லை. இனி நீயாகச் சொல்கிறவரை என் வாய்க்கு நானே தையல் போட்டுவிட்டேன். இரட்டைத் தையல்.

அம்மா

*

செப்டம்பர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். இந்த முறை "எல்லோரும்" என்பதை நன்றாகப் படி.

ஜூலையில் இருவரும் ஒருமுறை ஏமாந்தோம். அழுதேன். உனக்கு எழுதவில்லை, எழுதினால் நீயும் அழுவாய், அப்பாவுக்கு இரட்டை வேலை. ஆகஸ்டில் தேதி தள்ளிப் போனது. ஊரில் மற்ற பெண்களுக்குத் தேதி தள்ளினால் சந்தேகம் வரும். எனக்கு? தள்ளிப்போவதே என் உடம்பின் பழைய வேலை. "ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்?" என்று வயிற்றைப் பார்த்துத் திட்டிவிட்டு நான் பாட்டுக்கு ஏணி ஏறிக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளைதான் மருந்துக்கடைக்குப் போய் வந்தார். இரண்டு கோடு விழுந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. நேற்று ஸ்கேனில் டாக்டர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். டக் டக் டக் என்று ஓடுகிறது அம்மா, உன் மெஷினைவிட வேகமாக.

சூப்பர்வைசரிடம் இன்று நானே போய்ச் சொன்னேன். இனிக் கொஞ்ச மாதம் ஏணி கிடையாது, கீழே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். கிரேன் என் பெயரில் காத்திருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

அலமாரி அடியிலிருந்து அந்த ஓவராலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இந்த நடைக்கும் தூக்கத்துக்கும் இடுப்பு இறங்கியிருக்கிறது, உன் நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் தொளதொளவென்று நிற்கிறது. உன் டேப் ரொம்ப முன்னால் ஓடிவிட்டது அம்மா. நான் மெதுவாக வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அளவுகள்: தோள் பழையது. கை பழையது. கால் பழையது. இடுப்பளவு மட்டும் எழுதவில்லை. அதை நீயே வந்து எடு.

ஊருக்குச் சொல்வதானால் சொல். இந்த முறை அனுமதி உண்டு.

மிளகாய்

*

செப்டம்பர் 11

என் கண்ணுக்கு,

கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. இந்தக் கடிதம் முந்துமோ நாங்கள் முந்துவோமோ தெரியாது. டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பா நேற்றிலிருந்து வெளியே போட்டுக்கொள்ளும் சட்டையிலேயே இருக்கிறார்.

நீ கொடுத்த அனுமதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது உன் செய்தி, உன் வாயால் வரட்டும். காலையில் பயணப் பெட்டியை வாசலுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மாடிவீட்டம்மா படியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?"

தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். விழுங்கிவிட்டேன். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக் காட்டினேன்.

"என் பொண்ணுக்கு அளவெடுக்கப் போறேன்" என்றேன்.

அம்மா